வெள்ளிக்கிழமை ஜெபமும் சைக்கிள் பேச்சும்

ஆந்திராவில் இருக்கும் சித்தூருக்கு வேலைக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் புறம் நின்று, “சோறு துன்னாச்சா சார்?” என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெரிய மனிதரிடம் ‘துன்னாச்சா’ என்று கேட்டால் வம்புக்கு இழுப்பதாகத்தான் அர்த்தம். உள்ளே போய்விட்டேன். அவர் மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். அது அன்பு என்று எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆயிற்று. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இன்று அவர் கேட்காத நாள் எனக்குக் குறையாக இருக்கிறது.

மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர் வேலை. வரும்போது என் மகளுக்கு இரண்டு வயது. அவளை எஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேறு. எழுதலாமா என்று கேட்டேன், “எழுதிக்கோ, பேர மட்டும் மாத்திடு” என்றாள். இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல என்னை நைனா என்பாள், நீ என்பாள். பள்ளி விட்டதும் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடு வரும்வரை பேசிக்கொண்டே வருவாள். டீச்சரின் புதுச் செருப்பு, யாரோடு யார் டூ, எல்லாம் என் முதுகுக்குச் சொல்லப்படும். நான் ‘ம்’ கொட்டினால் போதும். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் நான் பகல் முழுவதும் மாத்திரை எண்ணினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று அவள் பேசவில்லை. பாதி வழியில், கணக்குப் பரீட்சையில் இரண்டு விடையைப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதிவிட்டதாகச் சொன்னாள். “யாருக்கும் சொல்லாத நைனா.” சரி என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்ட ஜெபம் எங்கள் வீட்டில். பாயில் பதினைந்து பேர். என் முறை வந்தபோது, கண்ணை மூடி, பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டு வேதனைப்படும் என் மகளை மன்னியும் ஆண்டவரே என்று உரக்க ஜெபித்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கண்ணைத் திறந்தபோது எஸ்தர் அங்கே இல்லை.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நான் எட்டாம் வகுப்பில் தோற்றபோது என் அப்பா சபை நடுவே என் பெயரைச் சொல்லி அழுது ஜெபித்தார். எனக்கு அது வெட்கமாக இல்லை, அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்றுதான் தோன்றியது. ஆனால் அங்கே ஆமென் சொன்னவர்கள் எல்லாரும் சித்தப்பா, அத்தை. இங்கே ஆமென் சொன்னவர்கள் அவளோடு படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். சொந்தம் இல்லாத ஊரில் சொந்தக்காரர்கள் நடுவே இருப்பதாக நினைத்து நான் வாயைத் திறந்துவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் அவளை என்ன கேட்டார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் அவள் சைக்கிளில் ஏறவில்லை. தோழியோடு நடந்து வந்தாள். ஏதாவது கேட்டால் ‘ஆமா’, ‘இல்ல’, ‘ஒண்ணுமில்ல’ என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். நான் விடாமல் கேட்டேன். தலைவலியா, பரீட்சை எப்படி, யார் வந்தது, ஏன் லேட்டு. ஒருநாள் என் மனைவி சொன்னாள்: “நீங்க கேக்கது மருந்து ஜன்னல்ல நோயாளிட்ட கேக்க மாதிரி இருக்கு. பிள்ள என்னத்த பேசுவா?”

அவள் இன்டர் இரண்டாம் வருடம், அதாவது நம் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும்போது நான் கேள்வியை விட்டேன். ஒரு சாயங்காலம் அவள் மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தபடி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். ஒருவருடைய மருந்துப் புட்டியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுவரை ஓடி, அவர் குடிக்கும் முன் பிடுங்கி வந்ததைச் சொன்னேன். மனைவிக்கே தெரியாது என்றேன்.

எஸ்தர் நிமிரவில்லை. “இத வெள்ளிக்கெழம ஜெபத்துல நான் சொல்லட்டா நைனா?”

“தப்புதாம்மா. நான் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன். கையில் இருந்ததை உரித்துப் போட்டுவிட்டு, அந்தப் புட்டிக்காரர் திட்டினாரா என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பிறகும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஒருநாள் பேசினால் நாலு நாள் பேசமாட்டாள்.

போன மாதம் அவளைத் திருப்பதியில் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போனேன். பஸ் பாகாலா தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “நீ ரிட்டையர் ஆனா ஊருக்குப் போறேன்னு சொல்லிகினே இருக்கறியே. எனக்கு அந்த ஊரு வேணாம் நைனா. நான் இங்கதான் இருப்பேன். நீயும் அம்மாவும் போங்க.” ஊரில் வீடு கட்ட மனை வாங்கிப் போட்டிருக்கிறேன், அதை அவளுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். ‘ம்’ என்றேன். விடுதி வாசல்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் ஜெபத்தில் போதகர் என்னைப் பார்த்து, மகளுக்காக என்ன விண்ணப்பம் என்று கேட்டார். சொல்ல ஒன்றுமில்லை என்றேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். அவள் என்னோடு ஊருக்கு வரவேண்டும் என்று கேட்பதா, நான் இங்கேயே இருந்துவிட மனசு கொடு என்று கேட்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆமென் மட்டும் சொன்னேன்.