மெழுகுக்கட்டியை மறுபடி வெட்டிய தவமணி

செவ்வாய்க்கிழமை காலை தவமணி அக்காவின் கணவர் பாகான் டாலாமிலிருந்து அழைத்தார். "டாக்டர், மணி போயிட்டா. தூக்கத்துலயே..." அப்போது என் மைக்ரோஸ்கோப்பின் கீழ் இருந்தது, அக்கா வெள்ளிக்கிழமை வெட்டிய ஸ்லைடு. ஜார்ஜ் டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். நோயாளியின் திசுவை மெழுகுக்கட்டியில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றித் தருவார் அவர். நான் பார்த்து அறிக்கை எழுதுவேன்.

சாவு வீட்டில் ஒருவர், "மெஷின்ல வெட்டுற வேலைதானே பாத்தாங்க?" என்றார். அந்தத் 'தானே'க்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அக்காவை அறிந்தவர்களே, கேளுங்கள்.

ஜுருவில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் ஒருவருக்கு நுரையீரலில் கட்டிகள், கையில் ஆறாத புண்கள். காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து தின்றும் குணமில்லை. அவருடைய தோல் திசுவில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் மொய்த்துக் கிடந்தன. டி செல்லில் பிறந்த புற்றுநோய் என்று எழுதிவிட்டேன். அதை நம்பித்தான் சிகிச்சை தொடங்கவிருந்தது.

அக்கா என் மேசையருகே வந்து நின்றார். "டாக்டர், ரமாயா, அத்தன கூட்டம் நிக்குதுன்னு அதுங்க மேல பழியப் போடாதீங்கலா. சாவு வீட்டுலயுந்தான் கூட்டம் நிக்கும். செத்தது ஒருத்தர்தான்."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க வெட்டுங்கக்கா. படிக்கிறத நான் பாத்துக்கிறேன்" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

வெட்டத்தான் செய்தார். நுரையீரல் திசு இருந்த மெழுகுக்கட்டியை எடுத்து, இன்னும் ஆழமாக, சீவல் சீவலாக. யாரையும் கேட்காமல் வைரஸைக் காட்டும் விலையுயர்ந்த சாயத்தையும் ஏற்றினார். துறைத்தலைவர் சத்தம் போட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "கட்டி இன்னும் மிச்சம் இருக்கு, சார். அந்த ஆளு மிச்சம் இருப்பாரான்னுதான் தெரியல."

அதற்கு ஒரு மெமோ வந்தது. அதை நாலாய் மடித்து, ஆடிக்கொண்டிருந்த வெட்டு மெஷினின் காலுக்கு அண்டக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டியை எடுத்தார்.

கடைசிச் சீவல்களில் இன்னொரு வகை வெள்ளையணுக்களான பி செல்கள், பெரிதாக ஐந்தாறு, கருத்து நின்றன. உள்ளே வைரஸ். நோய் பிறந்த இடம் அவைதான். டி செல்கள் அவற்றோடு மல்லுக்கட்ட ஓடிவந்த கூட்டம். இந்த நோயில் தோலில் அந்த பி செல்கள் பல சமயம் கண்ணில் படாது. படித்தவளான எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பிழை என்னுடையது. அறிக்கையைத் திருத்தினேன், சிகிச்சை மாறியது. அந்த மனிதர் இன்றும் ஜுருவில் சாயம் அடிக்கிறார். என் பெயர் அவருக்குத் தெரியும். அக்காவின் பெயர் தெரியாது, ஏனென்றால் எங்கள் படிவத்தில் வெட்டியவர் பெயருக்கு இடமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்லைடின் அறிக்கையில், என் கையெழுத்துக்குக் கீழே, 'வெட்டியவர்: தவமணி' என்று பேனாவால் எழுதி அனுப்பினேன். படிவத்தில் இல்லாததை எழுதக் கூடாதென்று எனக்கும் நேற்று மெமோ வந்தது. அவர் வெட்டிய அடுத்த ஸ்லைடின் அறிக்கையிலும் எழுதினேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த அடங்காமையைத்தான். என் மெமோவை நாலாய் மடித்து, மெஷினின் காலடியில் அவருடையதன் மேலேயே செருகியிருக்கிறேன். மெஷின் ஆடவில்லை.