படத்தின் கடைசிக் கால் மணி நேரம்

பாலக்காட்டுக் கலைக் காட்சியகத்தில் வாரம் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டார்கள். எருத்தேன்பதியிலிருந்து நானும் பக்கத்துத் தோட்டக்காரரும் போவோம். எங்கள் ஊருக்கான கடைசிப் பேருந்து படம் முடியும்வரை காத்திருக்காது. அதனால் எந்தப் படத்தின் முடிவையும் நாங்கள் பார்த்ததில்லை. திரும்பும் வழியில் அவரே கதையை முடித்து வைப்பார். பிரிந்தவர்கள் சேர்வார்கள், கெட்டவனுக்கு ஓர் அறையாவது விழும்.

தாலுகா அலுவலகத்தில் தலை நரைத்த எனக்கு அரைகுறைக் கோப்பை மூடிப் பழக்கமில்லை. படத்தை முன்னதாகத் தொடங்கக் கோரி மனு கொடுத்தேன். பிறகு நினைவூட்டல், அதன்பின் மேலிடத்துக்கு நகல். ஒருவழியாக இசைந்தார்கள்.

அந்த வாரம் இறுதிவரை உட்கார்ந்தோம். கணவனைத் தேடி வந்த பெண் பாலத்தில் நின்று வெகுநேரம் ஆற்றையே பார்த்தாள். படம் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ள ஊட்டுக்குப் போனாளா இல்லீங்களா?" என்றார் தோட்டக்காரர்.

"அதை டைரக்டர் நம்மகிட்டயே விட்டுட்டாருங்க."

"அதைத்தானுங்களே நாம பஸ்ஸுல பண்ணிட்டிருந்தோம். இதுக்குப் போயி மனுவா?"

மறுவாரம் படம் முடியுமுன்பே அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். பேருந்துக்கு நிறைய நேரம் இருந்ததால், நிலையத்தில் டீ குடித்தபடி நிதானமாகக் கதையை முடித்தோம்.