தாளில் விழுந்த காலடி

மதார் சாகிபை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நிலத்தடி நீர் தேடுகிற ஆபீஸில் நான் ஜீப் டிரைவர், மதார் சாகிப் சம்மட்டி ஆள். வயலில் இரும்புத் தகட்டைப் போட்டு அவர் ஓங்கி அடிப்பார். அந்த அதிர்வு மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டு ஓடி, மேலே வரும். வரிசையாகக் குத்தி வைத்த பன்னிரண்டு ஜியோபோன்கள் அதைப் பிடித்து, ஒயர் வழியே ஜீப்பில் இருக்கும் மெஷினுக்கு அனுப்பும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாள், தாளில் பன்னிரண்டு கோடுகள். தூரத்தில் இருக்கும் ஜியோபோன்கள்தான் ஆழத்துச் சேதி சொல்லும்.

அடி விழும்போது ஒருத்தரும் அசையக் கூடாது. காலடி வைத்தாலும் பக்கத்துக் கோடு துள்ளிவிடும். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தை ஜீப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவோம். ஒயர் ஓரமாக நிற்க உரிமை உள்ளவன் ஜியோபோன் குத்துகிற சிவனாண்டி மட்டும்தான். அவனும் மதார் சாகிபும் வன்னியம்பட்டிக்காரர்கள், அடுத்தடுத்த வயல்காரர்கள். மாப்ள, மாப்ள என்று ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவார்கள்.

எண்பத்தேழில் மழை ஏமாற்றியது. சிறு விவசாயிக்கு அரசு செலவில் ஆழ்துளைப் போர், ஊருக்கு ஒன்றே ஒன்று என்று உத்தரவு வந்தது. வன்னியம்பட்டியில் கடைசியாகத் தேறியவை இந்த இருவர் வயலும்தான். முதலில் மதார் சாகிப் வயல். எத்தனையோ பேர் நிலத்தை அடித்த மனுஷன், அன்றைக்குத் தன் நிலத்தை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டார்.

ஆபீசர் பரிபூரணம் அம்மா தாள்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கடைசி நாலு கோடும் கொழம்பிக் கெடக்கே. காத்தா இருக்கும். இன்னொரு நாள் வந்து எடுப்போமா?"

சிவனாண்டி முந்திக்கொண்டான். "அடியில பாறைதான் மாப்ள. எம்புட்டு அடிச்சாலும் இதுதான். அம்மாவ எதுக்கு அலைய விடுத?"

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். விடுங்கம்மா" என்றார் மதார் சாகிப். அதோடு விட்டாரா? நேரே சிவனாண்டி வயலுக்குப் போய், சட்டை நனைய நனைய அடித்துக் கொடுத்தார். கோடுகள் தெளிவாக விழுந்தன. போர் சிவனாண்டிக்குப் போனது.

மதார் சாகிப் வயல் தரிசாகிவிட்டது. மாடுகளை விற்றார். அவர் மனைவி நூர்பானு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்துக்கு வேலைக்குப் போனாள். விடியுமுன் பஸ், பஞ்சுத் தூசியில் ஓயாத இருமல். "நமக்கு அல்லா பாறையத்தான் குடுத்துருக்கான்" என்று சொல்லிச் சொல்லியே அவளைத் தேற்றி அனுப்புவார்.

தொண்ணூற்றைந்தில் ஆபீஸ் வேறு கட்டடத்துக்கு மாறியது. பழைய தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்த மதார் சாகிப், தன் பெயர் எழுதிய கட்டைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து பிரித்தார். இத்தனை வருஷத்தில் கோடுகள் அவருக்கு அத்துப்படி.

"சோலைராஜு, செத்த இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பியிருந்தார். முதல் தாளில் பன்னிரண்டாவது கோடு துள்ளியிருந்தது. அடுத்ததில் பதினொன்று. அதற்கடுத்ததில் பத்து. பிறகு ஒன்பது.

"காத்துன்னா பன்னெண்டும்லா ஆடணும்? இது ஒண்ணொண்ணா நகந்து வருது. ஆளு நடந்துருக்கு" என்றார்.

ஒயர் ஓரமாக நாங்கள் நிற்க விட்டது ஒருத்தனைத்தான். அடப்பாவி!

அன்று சிவனாண்டி லீவு. ஜீப்பை நேரே அவன் வயலுக்கு விட்டேன். பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவன் முன்னால் மதார் சாகிப் தாள்களை நீட்டினார். பார்த்ததுமே அவன் முகம் செத்துவிட்டது.

"ஒரு போருதான மாப்ள தந்தாவ. உனக்குத்தான் விழும்னு பயந்துட்டேன். நீ ஓங்குற நேரம் பாத்து நாலு தடவ கால ஊனுனேன். அம்புட்டுதான்."

"அம்புட்டுதானாலே?" என்று பாய்ந்தேன். மதார் சாகிப் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிவனாண்டி அழுதான். "இனிமே பாதித் தண்ணி உனக்கு மாப்ள. நாளைக்கே பைப்பு போட்டுத் தாரேன்."

"எனக்கு விழுந்தா பாதித் தண்ணி சிவனாண்டிக்குன்னு நூர்பானுகிட்ட சொல்லிட்டுத்தாம்லே அன்னைக்கு சம்மட்டியத் தூக்குனேன்" என்றார் மதார் சாகிப். "அவளும் சரின்னா. இப்ப அவகிட்ட போயி நான் என்னத்தலே சொல்ல?"