மகனிடம் கேட்க வேண்டியிருந்த கேள்வி

முதலில் வந்தது தலைவலி. என் மகன் கார்த்திக் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். கண்ணுக்குப் பின்னால் கல்லை வைத்து அழுத்துவதுபோல இருக்கிறது என்பான். கண் டாக்டரிடம் காட்டினோம்; பார்வை சரியாக இருந்தது. தலையை ஸ்கேன் எடுத்தோம், அதிலும் ஒன்றுமில்லை. நானும் என் மனைவி மாரியம்மாளும் நிம்மதியாகப் பஸ் ஏறினோம்.

அதற்குப் பிறகு தூக்கம் போனது. சாப்பாடு குறைந்தது. பைக்கைத் தொடவே மாட்டேன் என்றான். எங்கள் ஊர் நாரணாபுரத்திலிருந்து பள்ளிக்கு வெயிலில் நடந்தே போனான். ஆசையாக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டான். அக்கா போன துக்கம், நாளானால் ஆறிவிடும் என்றார்கள் எல்லோரும்.

அக்கா என்றால் எங்கள் மூத்த மகள் செல்வி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்தச் சித்திரையில் நடந்த வெடிவிபத்தில் கூட வேலை செய்த பெண்களோடு அவளும் போய்விட்டாள். இந்தப் பக்கம் இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எங்களுடையது மட்டுமல்ல. அதனாலேயே யாரும் யாரையும் அதிகம் விசாரிப்பதில்லை.

நான் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். ஆவணி மாதம் ஒருநாள் மதியம் கார்த்திக்கின் வகுப்பு டீச்சர் ஜெசியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, பதறாமக் கேளுங்க. கார்த்திக் இன்னைக்கு ஸ்கூலுக்கு வரல. 'இனிமே என்னையப் பாக்க மாட்டே'ன்னு அவன் சேக்காளிகிட்டச் சொல்லிருக்கான். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிருக்கான். அந்தப் பய சத்தியத்த மீறி எங்கிட்ட வந்து அழுகுறான். நீங்க உடனே வீட்டுக்குப் போயி அவன்கிட்ட நேராக் கேளுங்க."

"என்னன்னு கேக்க, டீச்சர்?"

"சாகணும்னு தோணுதான்னே கேளுங்க. சுத்தி வளைக்காதீக."

ஓடிக்கொண்டிருந்த மிஷினை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் கார்த்திக் மின்விசிறியைக்கூடப் போடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். பெற்ற வாயால் அதை எப்படிக் கேட்பது? கேட்டுவிட்டேன்.

"ஏலே, செத்துப்போகணும்னு தோணுதா?"

அவன் கோபப்படவில்லை. "ஆமாப்பா" என்றான்.

பிறகு அவனாகவே சொன்னான். "அன்னைக்கு அக்கா வயித்த வலிக்குது, லீவு போடப் போறேன்னா. நாந்தான் 'நடிக்காத, ஏறு'ன்னு பைக்குல கொண்டுபோயி விட்டேன்."

"அவளக் கொன்னது நீ இல்லலே" என்றேன். பேருக்குத் தலையை ஆட்டினான். என் சொல் அவனுக்குள் போகவில்லை என்று தெரிந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மாரியம்மாள் வேலை விட்டு வரும்வரை விடவில்லை. என்ன செய்ய நினைத்திருந்தான் என்பதை எழுதப்போவதில்லை. வீட்டில் ஆபத்தானது என்று எது எது பட்டதோ அத்தனையையும் அன்றைக்கே வெளியேற்றினோம்.

மாரியம்மாளின் அண்ணன் வந்தார். "மாப்ள, வெளிய தெரிஞ்சா பையன் பொழப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

மாரியம்மாள் அழவில்லை. "ஒண்ணத் தூக்கிக் குடுத்தாச்சுண்ணே. இவன் உசுரோட இருக்கட்டும், பொழப்பப் பெறகு பாத்துக்கிடலாம்" என்றாள். அன்று மாலையே விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மனநல மருத்துவர் ஓர் இளம்பெண். அவனிடம் தனியாக வெகுநேரம் பேசினார். மனச்சோர்வு (வெறும் வருத்தம் அல்ல, வாரக்கணக்கில் தூக்கம், பசி, ஆசை, யோசனை எல்லாவற்றையும் முடக்கிப்போடும் நோய்) என்றார். தலைவலியும் அதில் சேர்ந்ததுதான் என்றார்.

"நான் அப்பிடிப் பட்டுனு கேட்டதால எண்ணம் கூடிருமோம்மா?"

"கூடாது. அவன் ஒத்தையில தவிச்சிக்கிட்டு இருந்தான். நீங்க கேட்டதாலதான் சொன்னான். இனியும் கேளுங்க. மருந்து வேலை செய்ய சில வாரம் ஆகும். மொதல்ல உடம்புலதான் தெம்பு வரும், மனசு மெதுவாத்தான் தேறும். அந்த இடையில ரொம்பக் கவனமா இருக்கணும். தனியா விட்றாதீங்க."

கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன். மாரியம்மாள் வேலைக்குப் போகவில்லை. "என்னையக் கைதி மாதிரி வச்சிருக்கீக" என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டான். சோற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு அவள் மறுபடியும் பரிமாறினாள். ஆலோசனைக்குப் போன முதல் சில தடவைகள் அவன் வாயே திறக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினான் என்று ஆலோசகர் சொன்னார்.

ஐப்பசி பிறந்தது. தெருவில் வெடிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் அதிலிருந்து எங்கே ஓட முடியும்? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டுச் சொன்னான்: "அப்பா, திரும்ப வருதுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் கேட்காமல் அவனே சொல்லியிருந்தான்.

தீபாவளிக்கு அவன் வார்டில் இருந்தான். அங்கேயும் ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தது. மாரியம்மாள் இரண்டு கைகளாலும் அவன் காதுகளைப் பொத்தினாள். அவன் கைகளை நீட்டி அவளுடைய காதுகளைப் பொத்தினான். சத்தம் அடங்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பரீட்சையை மறுவருஷம்தான் எழுதினான். மாத்திரை தொடர்கிறது. குற்ற உணர்வு முழுதாகப் போய்விடும் என்று மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. செல்வியைப் பற்றி இப்போது வீட்டில் பேசுகிறோம். சில நாள் அந்தப் பேச்சு அழுகையில் முடியும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் முகத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால், கேளுங்கள். அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். பதில் எதுவானாலும் எழுந்து போய்விடாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மிஷின் இரைச்சலில் மந்தமாகிப்போன காது என்னுடையது. அந்தக் காதுக்கு இப்போது அடுத்த அறையில் அவன் புரண்டு படுப்பது கேட்கிறது. முன்பெல்லாம் சீசன், ஆர்டர் என்றுதான் எனக்கு வருஷம் ஓடும். இப்போது இன்றைக்கு அப்பால் எதையும் நினைத்துப் பார்க்க மனசு ஒத்துக்கொள்வதில்லை.

போன சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது கார்த்திக் சொன்னான்: "நாளைக்கு லீவுதானப்பா. காலையில என்னைய எழுப்பாதீக."

நாளைக்கு என்றான். மறுநாள் வெயில் ஏறி வாசல் சுட்டது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கை துடித்தது. இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.