பெரிய வீட்டு எஜமானி

பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒருமுறை கூடும். எல்லோரும் பெண்கள். ஓர் ஆண்டு, இருநூறு வருடங்களுக்கு முந்தைய ஆங்கில நாவல்களை எடுத்துக்கொண்டோம். எதைத் திறந்தாலும் நாட்டுப்புறத்தில் ஒரு மாளிகை. அதற்கு வாரிசு யார், யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பதே கதை.

வட்டத்தை நடத்திய அக்கா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். அந்தக் காலத்து ஓவியங்களின் பிரதிகளை மேசையில் பரப்பிக் காட்டுவார். ஏரி, மான்கள், மாலை வெயிலில் மிதக்கும் வீடு. ஒரு படத்திலும் துடைப்பம் பிடித்த கை இருக்காது.

என் அம்மா எஸ்டேட் துரையின் பங்களாவில் துணி துவைத்தவர். எனக்கு அந்த நாவல்கள் பிடித்திருந்தன. ஆனாலும் கேள்விகள் வரும். அத்தனை அறைகளில் விடிகாலையில் கணப்பு மூட்டியது யார்? வீடு கட்டிய காசு எந்தக் கரும்புத் தோட்டத்தில் விளைந்தது? கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆண்டுக் கடைசியில் அந்தக் கால உடையில் ஒரு தேநீர் விருந்து என்று முடிவானது. யார் யாராக வருவது என்று அக்கா பிரித்துக் கொடுத்தார். என் முறை வந்தது.

"நீ வேலைக்காரியா வா லா. அவங்களப் பத்தித்தானே எப்பவும் பேசுவே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போதுதான் கோபம் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவருக்கு போன் செய்தேன்.

"அக்கா, நான் எஜமானியம்மாவாத்தான் வரேன்."

அது தன்னுடைய வேஷம் என்றார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு எஜமானி இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

பாகான் டாலாமில் இருக்கும் தங்கை உடை தைத்துக் கொடுத்தாள். மெல்லிய வெள்ளை மஸ்லின், மார்புக்குக் கீழேயே இடுப்பு. அந்தச் சீமாட்டிகள் ஆசைப்பட்டு உடுத்திய மஸ்லின் வங்காளத்தில் நெய்தது என்று நான் சொன்னதும், "அப்ப நம்ம துணிதான், தைரியமா போட்டுக்க" என்றாள்.

விருந்தன்று சீக்கிரமே போய், கூடத்தின் நடுவிலிருந்த உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா வந்து பார்த்தார். படம் எடுக்கும்போது தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றார். பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். எழவில்லை. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் அப்படியே எடுக்கப்பட்டது.

தேநீர் முடிந்ததும் கோப்பைகளை யார் எடுப்பது என்று ஒரு தயக்கம். சில கண்கள் என் பக்கம் திரும்பின. வேறு நாளாக இருந்தால் நானே முதலில் எழுந்திருப்பேன். அன்று இன்னொரு கறிபாப்பை எடுத்துக் கடித்தேன். கடைசியில் அக்காவே தட்டைத் தூக்கினார். அவருடைய நீளமான உடை காலில் தடுக்கியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன்.