பேசும் இன்ஹேலருக்கு நான் கொடுத்த குரல்

தென்காசியில் என் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். குரலைக் கேட்காதவர்கள் அநேகமாக இல்லை. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, பள்ளிக்கூடச் சேர்க்கை, கண் சிகிச்சை முகாம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ரத வீதியைச் சுற்றி வரும் விளம்பரங்களில் பாதி நான் பேசியவை. இருபது வருடமாக இளைப்பு நோயும் இருக்கிறது. கைப்பையில் நீல இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குக்கூட நான் போவதில்லை.

இந்த இரண்டையும் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுத்தான் சென்னைக் கம்பெனி ஒன்று என்னை அழைத்தது. ஆஸ்துமாக்காரர்கள் எளிதாகப் பயன்படுத்த ஒரு கருவி செய்கிறார்களாம். அது தமிழில் பேசுமாம். நான்தான் பேச வேண்டுமாம். பயனாளிகளை அவர்கள் ஊரிலேயே சந்திப்பது தங்கள் கொள்கை என்றார்கள். சாரல் காலத்தில், குற்றாலத்தில், அருவிக்கு நடந்து போகிற தூரத்து லாட்ஜில் அந்தக் கொள்கை அறை எடுத்திருந்தது. நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேரை நான் ஈரத் துண்டோடு படியில் இறங்கும்போது மட்டுமே பார்த்தேன்.

அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. இளைப்புக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் குற்றாலத்தில் கிடைத்திருக்காது. சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. அந்த வாடை தெரியாமலிருக்க மல்லிகை மணம் வீசும் ஏதோ ஒன்றை அறை முழுக்க அடித்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

மேசைமேல் கருவி இருந்தது. பெரிய கத்தரிக்காய் அளவில் வெள்ளைக் குழாய். ஒரு முனையில் இன்ஹேலரைச் செருக வேண்டும், மறுமுனையை வாயில் வைத்து இழுக்க வேண்டும். நடுவில் ஒரு பொத்தான், ஒரு விளக்கு, என் குரல் வரப்போகும் ஒலிபெருக்கி. குழுவின் தலைவர் முப்பது வயதுக்காரர், தாடி வைத்தவர். நான் பேச வேண்டியதை அச்சடித்துக் கொடுத்தார்.

"வணக்கம். தங்கள் சுவாசப் பயணத்திற்கு நல்வரவு. கருவியைச் செங்குத்து நிலையில் பற்றிக்கொள்ளவும்."

இப்படிப் பதினோரு வாக்கியங்கள். மருந்து உள்ளே போவது ஒன்பதாவதில்.

"தம்பி, இளைப்பு வந்தவன் இம்புட்டையும் கேட்டுக்கிட்டு இருப்பானா?" என்று கேட்டேன்.

"லாங்குவேஜ் எக்ஸ்பர்ட் அப்ரூவ் பண்ணது மேடம்."

"அவருக்கு இளைப்பு உண்டா?"

"அது தெரியலை மேடம்."

"குலுக்கு, மூச்ச விடு, அமுக்கி இழு, புடிச்சு வை. இதுக்கு மேல என்ன இருக்கு?"

"அது மரியாதையா இருக்காது மேடம். நாங்க ஒரு எக்ஸ்பீரியன்ஸ் கொடுக்கப் பாக்கிறோம்."

மூச்சு முட்டுவதே ஒரு அனுபவம்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வரிக்கு வரி மேடம் போட்டுப் பேசுகிறவரிடம் எனக்குக் கோபம் வராது. என் பலவீனம் அது. அந்தப் பதினோரு வாக்கியங்களையும், கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்ணைப்போல, குழைந்து குழைந்து பேசிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சோதனை. கீழப்பாவூரில் மாவு மில் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரை, தெரிந்த மருந்துக்கடைக்காரர் மூலம் வரவழைத்திருந்தார்கள். அறுபது வயதிருக்கும். முப்பது வருடம் மிளகாய்த்தூளையும் கோதுமை மாவையும் சுவாசித்த நெஞ்சு. மூன்று மாடி ஏறி வந்து நாற்காலியில் சாய்ந்தபோது அவர் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் கதவருகே நின்ற எனக்குக் கேட்டது. தலைவருக்கு முகம் மலர்ந்தது. நிஜமான பயனாளி, நிஜமான இளைப்பு! கருவியை அவர் கையில் கொடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம்" என்றது என் குரல். "தங்கள் சுவாசப் பயணத்திற்கு..."

அண்ணாச்சி கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கருவியை மடியில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து தன் பழைய இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை அடித்துக்கொண்டார். என் குரல் அவர் மடியில் கிடந்து, நுரையீரலில் உள்ள காற்றை முழுமையாக வெளியேற்றும்படி சொல்லிக்கொண்டிருந்தது.

மூச்சு சற்று அடங்கியதும் சொன்னார்: "இந்தம்மா பேசி முடிக்கதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்லா."

தலைவர் அதைக் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டு, ஐந்து பொம்மை முகங்கள் வரைந்த அட்டையை நீட்டினார். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. "உங்க ஃபீலிங் எது சார்?"

"இதுல ஒருத்தனுக்கும் இளைப்பு இல்லையே தம்பி" என்றார் அண்ணாச்சி.

அதுவரை மூலையில் உட்கார்ந்து கம்பிகளை ஒட்டவைத்துக்கொண்டிருந்த பெண் பொறியாளர் எழுந்து வந்தாள். அந்தக் கூட்டத்தில் அருவிக்குப் போகாதவள் அவள் ஒருத்திதான். "நீங்க வழக்கமா எப்படி எடுப்பீங்களோ அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேட்டு, மருந்தில்லாமல் வாயு மட்டும் அடைத்த பயிற்சி இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்தாள். அண்ணாச்சி அழுத்தினார். பிறகு இழுத்தார். வெள்ளைப் புகை மூக்கு வழியாக வெளியே வந்தது. நான் சிரித்துவிட்டேன்.

அடுத்தது என் முறை. எனக்கு இன்னொன்றைக் கையில் கொடுத்து, அதை அந்த வெள்ளைக் குழாயில் செருகி இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். குழாய் விசிலடித்தது. வேகமாக இழுத்தால், உள்ளே போகும் காற்றினாலேயே அது சத்தம் போடுமாம். மறுபடி இழுத்தேன். மறுபடியும் விசில்.

"இவ்வளவு வேகமா இழுத்தா மருந்து பாதிக்கு மேல தொண்டையிலயே நின்னுடும் ஆன்ட்டி" என்றாள்.

இருபது வருடம். ஊருக்கெல்லாம் கண் முகாம் அறிவித்தவள், சொந்த மருந்தைத் தொண்டைக்கு ஊட்டி வளர்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்த டாக்டர் ஒருமுறைகூடச் செய்து காட்டச் சொன்னதில்லை. மருந்துக்கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதோடு சரி. நானும் கேட்டதில்லை. தாடிக்காரரை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அண்ணாச்சிக்கு வெட்கமெல்லாம் இல்லை. குழாயை வாங்கித் திரும்பத் திரும்ப இழுத்தார். ஐந்தாவது தடவை விசில் வரவில்லை.

"சத்தம் வந்தா தப்பு, வராட்டா சரி. அப்படித்தான தாயி?"

"அப்படித்தான் சார்."

"பெறவு எதுக்கு இவ்வளவு பேச்சு?"

அவள் தலைவரிடம் திரும்பினாள். "வாய்ஸை எடுத்துடலாம் சார். விசில் மட்டும் போதும்."

"வாய்ஸ்தான் நம்ம மெயின் ஃபீச்சர்" என்றார் அவர். பிறகு எல்லோரும் பரோட்டா சாப்பிடப் போனார்கள்.

அண்ணாச்சி கிளம்பும்போது குழாயைத் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மழையை ரசிக்கத் தொடங்கினாள்.

ஐப்பசி மழையின்போது கூரியரில் ஒரு பெட்டி வந்தது. செய்து முடித்த கருவி. பொத்தானை அழுத்தினேன். வேறொருத்தியின் குரல் வணக்கம் சொன்னது. என் குரலில் ஊர் வாடை அடித்திருக்கும் போல. வாக்கியங்கள் பதினான்காகியிருந்தன. வேண்டுமென்றே வேகமாக இழுத்துப் பார்த்தேன். விசில் இல்லை. தலைவருக்கு போன் செய்தேன்.

"விசிலை யூசர்ஸ் நெகட்டிவா ஃபீல் பண்ணாங்க மேடம்."

"எந்த யூசரு?"

"குற்றாலத்துல டெஸ்ட் பண்ணோமே மேடம்."

"அங்கன இருந்த யூசரே ரெண்டு பேருதான் தம்பி. ஒண்ணு நான்."

லைன் சரியில்லை என்றார். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, இப்போது அவள் தங்களோடு இல்லை என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் லைன் தெளிவாக இருந்தது.

அந்த வாரமே கோதுமை திரிக்க வேண்டுமென்று காரணம் வைத்துக்கொண்டு கீழப்பாவூருக்குப் போனேன். அண்ணாச்சி முகத்தில் துணி கட்டிக்கொண்டு மில்லில் நின்றிருந்தார். பையில் போட்டுக்கொண்டு வந்த குழாயின் பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டாராம். இப்போது அது வாயைத் திறப்பதில்லை. தப்பாக இழுத்தால் விசில் மட்டும் அடிக்கிறது. "மாடி ஏறுனா இப்பம் முந்தி மாதிரி இல்ல" என்றார். குழாயை என்னிடம் காட்டினாரே தவிரக் கையில் தரவில்லை.

நான் மருந்துக்கடையில் ஒரு சாதாரணக் குழாய் வாங்கினேன். அதற்கு விசில் கிடையாது. சரியாகத்தான் செய்கிறேனா என்று சந்தேகம் வந்து, அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஒரு நர்ஸிடம் செய்து காட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"சரியாத்தான் செய்யுதீங்க. யாரு சொல்லிக் குடுத்தா?"

"மெட்ராஸ் கம்பெனிப் பொண்ணு ஒருத்தி."

"கெட்டிக்காரிதான். நம்பர் இருந்தா குடுங்க, இங்கன ஒருநாள் வரச் சொல்லலாம்."

என்னிடம் நம்பர் இல்லை. கம்பெனியிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். தனிப்பட்ட விவரங்களை வெளியே தருவது தங்கள் கொள்கை இல்லையாம்.