எட்டு மணிப் பூசையும் ஒட்டுப்புல்லும்

முந்தாநாள் மாலை துவைக்கிற துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் மகள் ஜெனியின் பாவாடை கையைக் குத்தியது. ஓரம் முழுக்க ஒட்டுப்புல். ஜெனிக்கு ஏழு வயது. போன மாதம்தான் சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் வாசல் கேட்டிலிருந்து தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் வரை, அங்கிருந்து திரும்பிக் கேட் வரை. அவளுக்கு நான் வகுத்த எல்லை அவ்வளவுதான். அந்தத் தூரம் முழுவதும் சிமெண்டுச் சாலை. சிமெண்டில் ஒட்டுப்புல் முளைக்காது.

"எங்கடி போன?"

"டிரான்ஸ்பார்மர் வரைக்குந்தாம்மா."

"வேற எங்கயும் போவலயா?"

"போவல."

ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் வந்தது என்று சொல்லிக்கொள்வேன். அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தபோது என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "புல்லுதான ஒட்டியிருக்கு, பாம்பா ஒட்டியிருக்கு?" என்றார். அதுவரை எனக்குப் பாம்பு ஞாபகமே வரவில்லை.

டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஒரு காலிமனை இருக்கிறது. அங்கேதான் போயிருக்கிறாள். போனதை விட, போகவில்லை என்று கண்ணைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. திட்டலாமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை. நான் அதிகமாகக் கேட்பதால்தான் பொய் சொல்கிறாளோ என்றும் தோன்றியது. ஒன்றும் முடிவு செய்யாமல் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒட்டுப்புல்லைச் சும்மா இழுத்தால் வராது. முனை துணிக்குள் எந்தப் பக்கம் போயிருக்கிறதோ அந்தப் பக்கமே தள்ளி எடுக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மா செய்து பார்த்திருக்கிறேன். ஆறேழு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், என் சுடிதார் கால் ஓரத்திலிருந்து அம்மா இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். விரலில் அந்தக் காய்ந்த புல்லின் வாசனை ஏறியதும் எனக்கு ஏரிக்கரை வந்துவிட்டது.

அப்போது கல்யாணம் ஆகவில்லை. பிறந்த ஊரில், தலத்தெரு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா குவைத்தில். ஒரு சின்னத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புக்கு மலர்க்கொடி. ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் அண்ணன் ஆசை ஆசையாகக் கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, நாலு மாதம் ஓட்டிவிட்டு, சிங்கப்பூர் போய்விட்டார். மெல்லிசு டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி. துப்பட்டாவைக் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டு மலர் அதில் ஏறினால் எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன் எழுந்து நின்று பார்ப்பார்.

"வாடி, ஏரிய ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். ஞாயித்துக்கெழம காலையில ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது" என்றாள்.

அம்மாவிடம் கேட்டேன். "ஏரிய சுத்துறதுக்கு அங்க என்னா இருக்கு? வெயில்ல கருத்துப் போயி வந்து நிப்ப. பொண்ணு பாக்க வர்ற நேரம். பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தேன். பேசாமல் போய் வர வழி தேடினேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆறு மணிப் பூசைக்குப் போவாள். அதில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைப்பார். எட்டு மணிப் பூசைக்கு இளவயது உதவிச் சாமியார். இரண்டு பேர், இரண்டு பிரசங்கம். அந்தச் சந்தில் என் பொய் நுழைந்தது. அம்மா திரும்பி வந்ததும், "எட்டு மணிப் பூச பாத்துட்டு, அப்புடியே மலர் வீட்ல நோட்டு திருத்திட்டு வரேம்மா" என்று சைக்கிளை எடுத்துவிடுவேன். மலர் என்கிற பகுதியாவது உண்மைதானே என்று மிதித்துக்கொண்டே சமாதானம் சொல்லிக்கொள்வேன். முதல் ஞாயிறு கோயிலைத் தாண்டும்போது மனசு கேட்காமல் இறங்கி, வாசலில் நின்று சிலுவை போட்டுவிட்டுத்தான் போனேன். பார்த்தவர்கள் என்னை எவ்வளவு பக்தியான பெண் என்று நினைத்திருப்பார்கள்.

ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் சத்தம் எல்லாம் நின்றுவிடும், என் சைக்கிள் செயின் கவரின் கடகடவைத் தவிர. மதகுக்குப் பக்கத்தில் மலர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு காத்திருப்பாள். அங்கிருந்து ஏரியைச் சுற்றிப் பக்கத்தில் பக்கத்தில் போவோம். எதிரே வண்டி வருமே என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் சம்பாப் பயிர், இன்னொரு பக்கம் தண்ணீர். சில இடங்களில் தார் விட்டு மண்கரை மேல் ஏற வேண்டும். அங்கே புல் முழங்கால் உயரம். ஏரியில் முக்குளிப்பான் பறவைகள் திடீரென்று மூழ்கும். எங்கே எழும் என்று பந்தயம் கட்டுவோம். நான் சொன்ன இடத்தில் அது ஒரு நாளும் எழுந்ததில்லை.

பாதி வழியில் சைக்கிளை மாற்றிக்கொள்வோம். கியர் சைக்கிளில் குனிந்து உட்கார்ந்தால் எனக்கு முன்சக்கரம் மட்டும்தான் தெரியும். "தலைய நிமுத்துடி. ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று மலர் பின்னாலிருந்து கத்துவாள். ஒரு நாள் பின்காற்றில் மேற்குக் கரை முழுவதும் பிரேக்கைத் தொடாமலே வந்துவிட்டேன். நின்ற பிறகுதான் அது தெரிந்தது. என்னை நன்றாக அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

எங்கள் ஊர் யூனியன் பிரதேசம்; மேற்குக் கரையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே நின்ற ஒரு பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில்தான் டீக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், "என்னா டீச்சர், பள்ளிக்கூடத்த இந்தப் பக்கம் மாத்திட்டாங்களா?" என்பார். வாராவாரம் அதே கேள்வி, அதே சூட்டில் மெதுவடை. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த மாநிலத்தில் வடை தின்றவள் நான்.

வீட்டுக்கு வந்தால் அம்மா இட்லியும் கறிக்குழம்பும் வைப்பாள். நான் சாப்பிடும்போது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுடிதார் ஓரத்தை இழுத்துவைத்து ஒட்டுப்புல்லை எடுத்துக்கொண்டே, "சாமியார் இன்னிக்கு என்னா சொன்னாரு?" என்று கேட்பாள்.

அதற்குத் தயாராகத்தான் வருவேன். கூடத்துக் காலண்டரில் அன்றைய வாசகம் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பி, மிதிக்க மிதிக்கப் பிரசங்கம் செய்துவைப்பேன். கோயில் பக்கமே வராத மலர்கூட உதவுவாள். "முக்குளிப்பான வச்சு சொல்லுடி. முழுவுறதுதான் நமக்குத் தெரியும், எங்க எந்திரிக்கணும்னு அதுக்குல்ல தெரியும்." அன்று அதைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த புல்லைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வயசுலயே எவ்ளோ வெவரமாப் பேசுறாரு பாரு" என்றாள். எனக்குப் பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. குழம்பு இன்னொரு கரண்டி கேட்டேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. காணாமல்போன ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பரைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்தேன். அம்மா முழுக்கக் கேட்டாள்.

"கடைசியில ஆடு கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சும்மா."

"நல்லது."

மத்தியானம்தான் கவனித்தேன், காலண்டரில் மூன்று நாளாகத் தாள் கிழிக்கவில்லை. அன்றைய வாசகம் மீன் பிடிக்கிறவர்களைப் பற்றியது. பிரசங்கம் இரண்டாக இருக்கலாம், வாசகம் எல்லாப் பூசைக்கும் ஒன்றுதான். அம்மா அதை ஆறு மணிக்கே கேட்டிருப்பாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலையாக, "இனிமே நான் வரல" என்று மலரிடம் சொன்னேன்.

"மாட்டிக்கிட்டியா?"

"தெரியல."

"தெரியலன்னா மாட்டல."

அடுத்த ஞாயிறு நிஜமாகவே பூசைக்குப் போவதென்று தலைவாரிக்கொண்டு, நடந்தே வாசலில் இறங்கினேன். கோயில் பத்து நிமிட நடைதான். அம்மா உள்ளிருந்து சொன்னாள்: "ஏன் நடந்து போற? சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வச்சிருக்கேன்."

அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் பம்ப்பும் கிடையாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருக்கிறாள். தெரிந்துதான் செய்தாளா, தெரியாமல் செய்தாளா? தெரிந்திருந்தால் ஏன் திட்டவில்லை? நின்று இரண்டையும் யோசித்தேன், கேட்கத் தைரியம் வரவில்லை. அன்று கோயிலுக்குப் போனேனா ஏரிக்குப் போனேனா என்று நீங்களும் கேட்காதீர்கள். காற்றடித்த சைக்கிள் போகிற பக்கம் போனேன்.

கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் என்னிடமே இருந்தது. முந்தாநாள் ஜெனியின் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அந்த எட்டு மணிப் பூச..."

"எது? நீ போவாத பூசயா?"

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத வாரமே. கோயிலு வாசல் பூரா சிமெண்டு. ஒட்டுப்புல்லு எங்கேருந்துடி வரும்?"

"அப்பறம் ஏம்மா திட்டல?"

"திட்டணும்னுதான் ரெண்டாவது வாரம் ஆட்டோ புடிச்சு பின்னாடியே வந்தேன். மதகு வரைக்கும். நீயும் அந்தப் பொண்ணும் சிரிச்சுக்கிட்டே போனீங்க. திரும்பிட்டேன்."

"பொய்தானம்மா சொன்னேன்."

"பாவந்தான். ஒனக்கும் சேத்து ஆறு மணிப் பூசைல நான் வேண்டிக்கிட்டேன்." அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கும் வரை காத்திருந்து சொன்னாள்: "மத்த நாளெல்லாம் நான் கேட்டாத்தான் வாயத் தொறப்ப. அதுவும் பயந்து பயந்து. ஞாயித்துக்கெழம மட்டும் நீயே பிரசங்கம் வைப்ப. அத நான் ஏன் கெடுக்கணும்?"

போன பொங்கலுக்கு நாங்கள் மூவரும் அந்த ஏரிக்குப் போயிருந்தோம். கரையை அகலப்படுத்திக் கல் பதித்திருக்கிறார்கள். கம்பி வேலி, விளக்குக் கம்பம், உட்கார பெஞ்சு. குறை சொல்ல ஒன்றுமில்லை. வயதானவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள், ஜெனி ஓடித் திரிந்தாள். ரோட்டில் மட்டும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டீக்கடை இருந்த இடம் அடையாளம் தெரியவில்லை. மலர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்டு பாரிஸ் பக்கம் போய்விட்டாள். தலையில் ஹெல்மெட்டோடு ஏதோ ஓர் ஏரிக்கரையில் சைக்கிளில் நிற்கும் படம் அனுப்புவாள். "தண்ணி இருக்குடி, வடை இல்ல" என்று கீழே எழுதியிருப்பாள். அன்று வீட்டுக்கு வந்து சேலை ஓரத்தைப் பார்த்தேன். ஏரியை முழுதாக ஒரு சுற்று நடந்தும் ஒரு புல் ஒட்டவில்லை.

நேற்றுக் காலை ஜெனி பள்ளிக்கூடம் போனதும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் போனேன். காலிமனை முழுவதும் தட்டித் தட்டிப் பார்த்தேன். பள்ளமில்லை, கண்ணாடிச் சில்லு இல்லை, பாம்புப் புற்று இல்லை. இரண்டு ஓணான்கள். நடுவில் சின்னச் சக்கரம் போய்ப் போய்ப் படிந்த ஒரு வட்டப் பாதை. அதன் குறுக்கே முளையடித்து நூல் கட்டி, சுண்ணாம்பில் அஸ்திவாரக் கோடு போட்டிருந்தார்கள். வீடு கட்டும் வேலை தை பிறந்ததும் ஆரம்பமாம், எதிர்வீட்டில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஜெனியின் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்தேன்.

சாயங்காலம் பாவாடை ஓரம் நிறைய ஒட்டுப்புல்லோடு வந்து நின்றாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, முதல் முள்ளைத் தள்ளி எடுத்துக்கொண்டே, "டிரான்ஸ்பார்மர்கிட்ட இன்னிக்கு என்னா பாத்த?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "ஒரு ஓணாம்மா. டிரான்ஸ்பார்மர் மேல ஏறி, என்னயப் பாத்து தலைய ஆட்டி ஆட்டி..." என்று ஆரம்பித்தாள். நீளமான கதை. நடுவில் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கார்த்திகை இன்னும் முடியவில்லை. தைக்கு ஒன்றரை மாதம் இருக்கிறது. அதுவரைதான் அவளால் இந்தப் பொய்யைச் சொல்ல முடியும்.